பக்கவாதத்துக்குப் பிறகான நீண்டகால ரிவ்யூ: வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட், பாலக்கோடு பக்கம் ஊர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வீடு வீடாகப் போய்ப் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் வருடக்கணக்கில் எப்படித் தொடர்ந்து விசாரிப்பது என்று ஒரு முறையை நானும், ஒரு செவிலியரும், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கும் நான்கு பெண்களும் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். போகிற இடமெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மாசா மாசம் போய் மாத்திரை வாங்குகிறோமே, அதுதானே ரிவ்யூ?

இல்லை. அது மாத்திரை வாங்குவது. வரிசையில் நின்று, பிரஷர் பார்த்து, சீட்டில் "அதே மருந்து" என்று எழுதி வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கிறீர்கள். அதுவும் தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில், அவருக்குச் சாப்பிடும்போது புரையேறுகிறதா, தோள் வலிக்கிறதா, ராத்திரி தூங்குகிறாரா, பாத்ரூம் போக யார் தூக்குகிறார்கள், தூக்குகிறவருக்கு இடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்க டாக்டருக்கும் நேரமில்லை, சொல்ல உங்களுக்கும் தோன்றாது. பாதிப் பேர் விஷயத்தில் நோயாளி வருவதே இல்லை, மகனோ மருமகளோ சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நான் ரிவ்யூ என்று சொல்வது, ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, இந்தக் கேள்விகளையெல்லாம் வரிசையாகக் கேட்டு, பதிலை எழுதி, ஒவ்வொரு பிரச்சினைக்கும் பக்கத்தில் "இதை யார், எப்போது செய்வார்கள்" என்றும் எழுதிவிட்டு எழுந்திருப்பது. அந்தக் கடைசிப் பகுதி இல்லாவிட்டால் கேட்டதெல்லாம் வீண், வீட்டாரின் நேரமும் வீண்.

எத்தனை தடவை? எப்போதெல்லாம்?

வீடு திரும்பிய ஆறு வாரத்துக்குள் ஒன்று, ஆறு மாதத்துக்குள் ஒன்று, அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று. இது நாங்கள் கண்டுபிடித்த கணக்கு இல்லை. இங்கிலாந்தில் 2007-இல் வந்த தேசியப் பக்கவாதத் திட்டம் இப்படித்தான் சொன்னது, அதுவும் நோயாளியோடு பார்த்துக்கொள்கிறவரையும் சேர்த்தே சொன்னது.

ஆறாவது வாரம் ஏன் என்றால், ஆஸ்பத்திரியில் சொன்னதெல்லாம் மறந்து, வீட்டு வழக்கம் ஒன்று தானாக உருவாகியிருக்கும் நேரம் அது. தப்பான வழக்கம் என்றால் அப்போதே மாற்றிவிடலாம். ஆறாவது மாதத்தில் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் போயிருப்பார்கள், லீவு போட்டு வந்த மகன் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ திரும்பியிருப்பான், "இவ்வளவுதான் சரியாகும்போல" என்ற எண்ணம் வீட்டில் இறங்கியிருக்கும். மனசு உடைவது பெரும்பாலும் அப்போதுதான்.

என்னவெல்லாம் கேட்பீர்கள்?

முதலில் எழுதிய தாளில் அறுபதுக்கு மேல் கேள்விகள் இருந்தன. காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் அதை வைத்துக் கேட்டுப் பார்த்தோம். இருபதாவது கேள்விக்கு மேல் அந்த அம்மா எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து தாளைப் படித்தபோதுதான் உறைத்தது, அவர் எங்களிடமிருந்து தப்பிக்கத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நிறைய வெட்டினோம்.

உலக அளவில் பக்கவாத மருத்துவர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஒரு சோதனைப் பட்டியல் இருக்கிறது, அதில் பதினொரு விஷயங்கள்தான். மறுபடி வராமல் தடுக்கும் மருந்து, அன்றாட வேலை, நடை, கை கால் விறைப்பு, வலி, மலம் சிறுநீர் அடக்க முடியாமை, பேச்சு, மனநிலை, ஞாபகம், பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது, குடும்பத்தில் உறவு. இதை எலும்புக்கூடாக வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் தேவையானதைச் சேர்த்தோம். விழுங்குவதைத் தனியாகக் கேட்கிறோம், ஏனென்று களி பற்றிய கேள்வியில் சொல்கிறேன். வலி மாத்திரையைத் தனியாகக் கேட்கிறோம். நம் இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். வயதானவர்கள் பலருக்கு மூட்டும் முதுகும் வலி, மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த மாத்திரைகளில் பல ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். "வேற மாத்திரை எதாவது போடறாரா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "வலிக்குக் கடையில் என்ன வாங்குவீங்க?" என்று கேட்டால்தான் டப்பா வெளியே வரும்.

ஊறுகாயைக் கேட்போம், உப்பைக் கேட்போம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன் உப்புதான், 5 கிராம், உலக சுகாதார அமைப்பு அதற்குக் குறைவாகத்தான் இருக்கச் சொல்கிறது. மாங்காய் சீசனில் எந்த வீட்டில் இந்தக் கணக்கு நிற்கும்? கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்புறம் தோள். விழுந்துபோன பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதும், அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குவதும் நான் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் நடக்கிறது. தோள்பட்டையைப் பிடித்து வைத்திருக்கும் தசை வலுவிழந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், பிறகு வரும் வலி கையை அசைக்கவே விடாது. இதைச் செய்து காட்டச் சொல்லித்தான் பார்க்க முடியும், போனில் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

பார்த்துக்கொள்கிறவரை ஏன் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள்?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

2014-இல் என் அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்தது. ஒன்பதாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, பிறகு மாதத்துக்கு ஒரு தடவை, அம்மா அவரை ஆட்டோவில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வருஷம். ஒரு தடவைகூட யாரும் அம்மாவைப் பார்த்து "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கவில்லை. கோவையில் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை. லீவுக்கு வந்தால் அப்பாவின் கையைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன அம்மா தொழுவத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் அவருடைய பிரஷரைப் பார்த்தார்கள். 190/110. அப்பாவுக்குப் பிரஷர் பார்க்கும் அதே மேஜைக்குப் பக்கத்தில் மாதா மாதம் நின்றுகொண்டிருந்த அம்மாவுக்கு எப்போதிலிருந்து அப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தான் எங்கள் தாளில் பாதி, பார்த்துக்கொள்கிறவருக்கு. அவருடைய பிரஷர், சர்க்கரை, இடுப்பு வலி, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார், நூறு நாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாரா, மாட்டை விற்றுவிட்டார்களா, கடன் வாங்கினார்களா, பள்ளிக்கூடம் போன பெண்ணை நிறுத்தி வீட்டில் வைத்துவிட்டார்களா. அதோடு இன்னொன்று: "நாலு நாள் உங்களால முடியாமப் போனா யாரு பார்ப்பாங்க?" இந்தக் கேள்விக்கு அநேகமாக எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

தனியாக ஏன் என்றால், கட்டிலில் படுத்திருக்கிறவர் காதில் விழும்படி "என்னால முடியல" என்று எந்த மனைவியும் சொல்ல மாட்டார். மாமியாரை வைத்துக்கொண்டு மருமகளும் சொல்ல மாட்டார். எங்களில் ஒருவர் நோயாளிக்குக் கை கால் அசைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அந்தப் பெண்ணோடு திண்ணைக்கோ கிணற்றடிக்கோ போய்விடுவோம். அங்கே வருகிற பேச்சு வேறு.

பிரஷர் நார்மல் ஆகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது. இரண்டாவது தடவை பக்கவாதம் வருவது முதல் தடவையைவிட மோசமாக முடிவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அதில் பல வீட்டில் கதை "நல்லாத்தானே இருக்காரு" என்றுதான் ஆரம்பிக்கும். பல டாக்டர்கள் 130/80-க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள், உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதத்துக்குக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தக்கட்டைத் தடுக்கும் மாத்திரை, மூளையில் ரத்தம் கசிந்து வந்த பக்கவாதத்துக்கு ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தது என்று வாங்கிப் போடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அந்தத் தாளை லேமினேஷன் செய்து வையுங்கள். ரிவ்யூவுக்கு நாங்கள் முதலில் கேட்பதே அதுதான்.

களி கொடுக்கலாமா?

நம் பக்கத்தில் இது சாதாரணக் கேள்வி இல்லை. நாற்பது ஐம்பது வருஷம் ராகிக் களி சாப்பிட்ட மனுஷனுக்கு இட்லி கொடுத்தால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஆனால் களியை நாம் மெல்லுவதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே முழுங்குகிறோம். தொண்டைத் தசை பலவீனமானவருக்கு அந்த உருண்டை சிக்கிக்கொள்ளும். அதே சமயம், "சரி, கஞ்சியாகக் கொடுக்கிறேன்" என்று நீர்க்கக் கரைத்துக் கொடுத்தால் அதுவும் ஆபத்து, தண்ணீராக இருப்பது வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். புரையேறுவது, சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று நனைந்த மாதிரி மாறுவது, அடிக்கடி சளியும் காய்ச்சலும் வருவது, இதில் ஒன்று இருந்தாலும் விழுங்குவதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போகும் என்பதால் காய்ச்சலைக் கவனிப்பது முக்கியம்.

பரிசோதித்துச் சரி என்று சொல்லும்வரை, கெட்டியாகவும் இல்லாமல் நீர்க்கவும் இல்லாமல், கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழிகிற கூழ் பதத்தில் கொடுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், சிறு சிறு வாயாக. கொடுத்த பிறகு கோணிய பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு அடைந்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள், அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். பிறகு தேறியவர்கள் களிக்குத் திரும்பியிருக்கிறார்கள், சின்னச் சின்ன உருண்டையாக.

புறா ரத்தம் தேய்த்தோம், நாட்டு மருந்தும் கொடுத்தோம். சொன்னால் திட்டுவீர்களா?

திட்ட மாட்டேன். எங்கள் தாளிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது, கேட்கும் விதத்தையும் எழுதி வைத்திருக்கிறோம்: "இதுக்கு வேற என்னென்ன பண்ணிப் பார்த்தீங்க?" என்று மட்டும்தான். ஆற்றாமையில் செய்கிறார்கள், யார் எது சொன்னாலும் செய்கிறார்கள், அவர் எழுந்து நடக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். புறா ரத்தம் தேய்ப்பதால் மூளையில் அடைத்த குழாய் திறக்காது. அதில் பெரிய நஷ்டம் காசு இல்லை, முதல் சில மணி நேரம் வீணாவதுதான். உள்ளுக்குச் சாப்பிடும் லேகியம், பஸ்பம், கஷாயம் எதுவானாலும் சொல்லிவிடுங்கள், முக்கியமாக ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரையின் வேலையை உணவும் வேறு மருந்துகளும் கூட்டவும் குறைக்கவும் செய்யும்.

திட்டினால் அடுத்த தடவை மறைப்பார்கள்.

எதற்கெடுத்தாலும் அழுகிறார், இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். ரோஷம் இல்லையே?

ரோஷத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்தும் கவுன்சிலிங்கும் இருக்கிறது. இது ஒரு பக்கம். இன்னொன்று, டிவியில் எதையோ பார்த்துக் கட்டுப்படுத்த முடியாமல் அழுவது, சாவு வீட்டில் சிரித்துவிடுவது. இது மனசின் துக்கமே இல்லை, அழுகையையும் சிரிப்பையும் அடக்கி வைக்கும் மூளைப் பகுதி அடிபட்டதால் வருவது. வீட்டார் "வேணும்னே பண்றாரு" என்று நினைத்துப் பேசாமலேயே இருந்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு என்று சொன்னதும் பல மனைவிமாருக்குப் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. "உயிரோட இருக்க வேண்டாம்" என்ற பேச்சு வந்தால் அடுத்த ரிவ்யூவுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே சொல்லுங்கள், 104-க்குப் போன் செய்தாலும் பேசுவார்கள்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். தமிழில் கேட்டால் போதுமா?

போதாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம். பேச்சு போனவரிடம், அவர் சந்தையில் பேசின தமிழில் கேட்டுவிட்டு "புரியவில்லை, ஞாபகம் இல்லை" என்று எழுதினால் அது அநியாயம். இரண்டு மொழி தெரிந்தவருக்கு இரண்டும் ஒரே அளவில் திரும்பும் என்று சொல்ல முடியாது. அம்மாவோடு பேசின மொழியில் கேளுங்கள். பேச்சே வராதவருக்குப் படம் காட்டுங்கள், விரலை நீட்டச் சொல்லுங்கள், "ஆமா, இல்லை" என்று தலையாட்டும்படி கேளுங்கள். மனைவியிடம் கேட்டு அவர் சார்பில் எழுதிக்கொள்வது கடைசி வழி.

இதையெல்லாம் யார் செய்வார்கள்? எங்கள் ஊருக்கு யார் வருவார்கள்?

இப்போதைக்கு நாங்கள் ஆறு பேர், எங்களால் பாலக்கோட்டைச் சுற்றிச் சில ஊர்கள்தான் முடிகிறது. ஆனால் புதிதாக ஆளே போட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறார்கள், இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு சிகிச்சையும் அதிலேயே இருக்கிறது. வாசல்வரை ஆள் வந்துவிட்டார், இனி உள்ளே வந்து உட்கார்ந்து கேட்பதுதான் பாக்கி. தன்னார்வலர் ஒரு சின்னத் தாளில் பத்துக் கேள்வி கேட்டுப் பிரச்சினை இருக்கிற வீட்டைக் குறித்துக் கொடுத்தால், செவிலியரோ பிசியோவோ அந்த வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம். ஏற்கெனவே வேலைப்பளு அதிகமுள்ள அந்தப் பெண்களுக்கு இதற்குத் தனியாக ஊதியம் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலை ஊர்களுக்கு நேரில் ஒரு தடவை, இடையில் போனில் ஒரு தடவை என்று வைத்துப் பார்க்கலாம்.

இப்படித் தொடர்ந்து கவனித்ததால் பலன் இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றனவாமே?

ஒரு டாக்டர் என்னிடம் நேராகக் கேட்டார், நல்ல கேள்வி. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளை வைத்து, வீட்டாருக்கே பயிற்சி கொடுத்து மறுவாழ்வு சிகிச்சை செய்யவைத்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ வித்தியாசம் தெரியவில்லை. குறுஞ்செய்தி, வீடியோ, புத்தகம் கொடுத்து இரண்டாவது பக்கவாதத்தைத் தடுக்கப் பார்த்த இன்னொரு பெரிய இந்திய ஆய்வு, 31 மையங்களில் 4,000 பேருக்கு மேல், 2023-இல் வந்தது, அதிலும் குறையவில்லை.

இதை மறைத்துவிட்டு ரிவ்யூ வேண்டும் என்று கேட்க எனக்கு மனமில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: செய்தி அனுப்புவதும், ஏற்கெனவே களைத்திருக்கும் வீட்டார் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்துவதும் போதாது. எங்கள் ரிவ்யூவும் கை காலைக் குணமாக்கும் என்று சொல்ல மாட்டேன். இறங்கிய தோளையும், முதுகில் ஆரம்பிக்கும் படுக்கைப்புண்ணையும், நின்றுபோன மாத்திரையையும், 190-இல் இருக்கும் மனைவியின் பிரஷரையும் கண்டுபிடிக்கும் என்று சொல்வேன். ஆறு மாதக் கணக்கில் இதெல்லாம் எண்ணிக்கையாகத் தெரியுமா என்பது வேறு விஷயம். கண்டுபிடித்த பிறகு சரிசெய்ய ஆள் இருக்க வேண்டும், அது இல்லாத இடத்தில் ரிவ்யூ தொடங்கவே கூடாது என்பதில் நாங்கள் ஆறு பேரும் ஒன்றாக இருக்கிறோம்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் ரிவ்யூ எதற்கு?

முதல் மூன்று மாதத்தில் வேகமாகத் தேறுவது உண்மை. அதோடு கதவு மூடிவிடுவதில்லை. புளி தட்டிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்கு வலது கை வரவில்லை. மூன்றாவது வருஷ ரிவ்யூவில்தான் "உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?" என்று முதன்முதலாக ஒருவர் கேட்டார். "புளிதான்" என்றார். இடது கையால் தட்டவும் வலது கையால் அழுத்திப் பிடிக்கவும் பழகிக்கொண்டார், பழைய வேகம் இல்லை, ஆனால் தெருப் பெண்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்கிறார். நடை பழையபடி ஆக வேண்டும் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் கேட்டது அது இல்லை.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

பக்கவாதத்தால் வந்த ஊனத்துக்கும் கிடைக்கும், வழக்கமாக ஆறு மாதம் கழிந்த பிறகே மதிப்பிடுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பல சலுகைகள். கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், பராமரிப்பு உதவித்தொகை பற்றியும் அங்கேயே கேளுங்கள். ஆறாவது மாத ரிவ்யூவில் நாங்களே இதை நினைவுபடுத்துகிறோம்.

ரிவ்யூவுக்குக் காத்திருக்காமல் எப்போது ஓட வேண்டும்?

திடீரென்று வாய் கோணல், கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், நிற்க முடியாத தள்ளாட்டம் வந்தால் 108. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள்தான், அதுவும் சிடி ஸ்கேன் பார்த்த பிறகுதான். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். வலிப்பு வந்தாலும் 108தான்.

அவர் இறந்துவிட்டால் தாளை மூடிவிடுவீர்களா?

முதலில் அப்படித்தான் வைத்திருந்தோம். எங்கள் கூட்டத்தில் இருக்கும் பெண்களில் ஒருவர், கணவரை ஏழு வருஷம் பார்த்தவர், மாற்றச் சொன்னார். காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று கட்டில்வரை போய் நிற்பாராம், மாதக்கணக்கில். இப்போது பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை போகிறோம். மீந்த மாத்திரைகளை வாங்கிக்கொள்கிறோம், பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பிரஷர் பார்க்கிறோம், தூக்கத்தைக் கேட்கிறோம், விதவை உதவித்தொகைக்கு எழுதிக் கொடுக்கிறோம். டீ போட்டுக் கொடுப்பார்கள், குடித்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.